பன்னிரண்டாவது பெயர்

பாடசாலையின் பெயர் இங்கே வேண்டாம். பெயர்களைச் சொல்லப்போய் வந்த வினைதான் இந்தக் கதை. மூதூரில், கடலுக்குப் போகும் தெருவொன்றில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அங்கே நஜ்முன் நிஸா ஆலோசனை ஆசிரியை. மனம் கனத்துப்போன பிள்ளைகள் வந்து இருந்து கதைத்துவிட்டுப் போக ஓர் அறை உண்டு. அதற்கு அவள் பொறுப்பு. கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தவள், இரண்டு வருடம் சனி ஞாயிறு பாராமல் ஓடி உளவளத்துணை டிப்ளோமா முடித்து, சண்டை பிடித்து அந்த அறையை வாங்கினாள். அதற்கு முன் உடைந்த கதிரைகளும் வலைப்பந்துக் கம்பங்களும்தான் அங்கே குடியிருந்தன. தன்னால் ஏலாது என்று ஒரு காரியத்தை அவள் நினைத்ததே கிடையாது. பிழை செய்தாலும் அதே துணிச்சலோடுதான் செய்வாள்.

அறை திறந்து ஒரு மாதமானபோது பாடசாலை அதிபர் ஸஹாப்தீன் சேர் வந்து எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், இங்க ஆராவது வாறாங்களா? இல்லாட்டி விளையாட்டுச் சாமான் வைக்க எனக்கு இடமில்ல."

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. அலுமாரியைத் திறந்து, வந்தவர்களைப் பதியும் இடாப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பாருங்க சேர். ஒரு மாசத்தில பதினொரு புள்ளைகள்."

பதினொரு பெயரும் வகுப்போடு முத்து முத்தாக எழுதியிருந்தாள். பதினாறு வருடம் வரவு எழுதிய கை அது. பிள்ளை என்றால் பெயர் எழுதத்தான் அதற்குத் தெரியும். யார் வந்தார்கள் என்பது வெளியே போகக் கூடாது என்று டிப்ளோமாவின் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரோசம் வந்த இடத்தில் அந்தப் பாடம் போன இடம் தெரியவில்லை.

ஸஹாப்தீன் சேர் கெட்ட மனிதர் இல்லை. சொல்லப்போனால் நல்ல மனிதர் என்பதுதான் தொல்லை. பாராட்டுவதில் அவர் வள்ளல். புலமைப்பரிசில் சித்தியடைந்தவர், ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தவர், மரக்கன்று நட்டவர், கண்டெடுத்த பேனையைத் திருப்பிக் கொடுத்தவர் என்று எல்லாரையும் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கைதட்ட வைப்பார். இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அடுத்து வந்த திங்கட்கிழமையும் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"எங்கட ஆலோசனை அறைக்குத் துணிஞ்சு போன புள்ளைகள் பதினொரு பேர். இதில வெக்கப்பட ஒண்டுமில்ல. பெயர வாசிக்கிறன், எல்லாரும் கைதட்டுங்க."

பின்வரிசையில் நின்ற நிஸா பிள்ளைகளை விலக்கிக்கொண்டு "சேர், சேர்" என்று ஓடினாள். ஒலிபெருக்கியை வெல்ல அவளுடைய தொண்டையால் முடியவில்லை. மேடைக்கு அவள் போய்ச் சேரும்போது கடைசிப் பெயரான அம்ராவுக்கும் கைதட்டி முடிந்திருந்தது.

இடைவேளைக்குள் அந்தப் பதினொரு பேருக்கும் பட்டம் தயாராகிவிட்டது. "கிரிக்கெட் டீம் போகுது, வழி விடுங்கடா!" எல்லாரிலும் பெரிய வகுப்பில் படித்ததால் அம்ராதான் கெப்டன். அன்றிலிருந்து ஆலோசனை அறைப் பக்கம் ஒரு காகம்கூட வரவில்லை. அம்ரா பாடசாலைக்கே வரவில்லை.

அம்ரா பதினோராம் வகுப்பு. வகுப்பில் கேட்டால் கணக்கை வாயாலேயே செய்வாள். வினாத்தாளைக் கையில் கொடுத்தால் விரல் குளிர்ந்து, மூச்சு முட்டி, வெற்றுத்தாளை நீட்டிவிட்டு வருவாள். நாலைந்து தடவை அறைக்கு வந்து, மூச்சை எண்ணி மெதுவாக விடவும், தெரிந்த கேள்வியில் தொடங்கவும் பழகியிருந்தாள். கடைசிச் சோதனையில் முக்கால்வாசி எழுதி, கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு காட்ட வந்தாள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஏழு கிழமை இருந்தது. வருகிற திங்கள் மாதிரிப் பரீட்சை. அதற்கு வராவிட்டால் அவள் இனி வரப்போவதில்லை என்று நிஸாவுக்குத் தெரியும்.

எட்டு நாள் பார்த்தாள். ஒன்பதாம் நாள், செவ்வாய் பின்னேரம், அம்ராவின் வீட்டுக்குப் போனாள். பாடசாலை மதிலுக்கு அடுத்த பக்கம்தான் வீடு. அம்ராவின் உம்மா பரீதா கதிரையை இழுத்துப் போட்டாள்; முகத்தில் வரவேற்பு இல்லை.

"அந்தப் பாழாப்போன ஸ்பீக்கர் என்ட குசினிக்குள்ள கேக்குது டீச்சர். மீன் வெட்டிக்கொண்டிருந்தனான், கை வழுக்கிட்டு. என்ட புள்ளைக்கு மண்டையில சுகமில்ல எண்டு ஊருக்கே சொல்லிப்போட்டீங்க."

"ஒங்கட புள்ளைக்கு ஒண்டுமில்ல ராத்தா. சோதனைப் பயம். அதையும் அவள் முக்கால்வாசி வெண்டிட்டாள். பிழை என்ட. பெயர எழுதினதும் நான், குடுத்ததும் நான். மன்னிச்சுக்கொள்ளுங்க."

"மன்னிச்சா மட்டும் கொட்டின பால அள்ள ஏலுமா? திங்கக்கிழமை தையலுக்குச் சேர்க்கிறதெண்டு பேசிட்டன். படிச்ச மட்டும் போதும்."

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து அம்ராவின் குரல் வந்தது.

"வெக்கப்பட ஒண்டுமில்ல எண்டு அதிபர்தானே சொன்ன. அப்ப அவர் ஏன் ஒருநாளும் அங்க வாறல்ல?"

"வாய மூடு புள்ள! பெரியாக்களக் கதைக்கிற கதையா இது?" என்று உம்மா அதட்டினாள்.

நிஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு நாள் மண்டையை உடைத்தும் தனக்கு வராத யோசனை, திரைக்குப் பின்னால் சும்மா இருந்தவளுக்கு வந்திருக்கிறதே என்று சந்தோசப்பட்டாள்.

"நல்ல கேள்வி மகள். அவரிட்டயே கேக்கிறன். ராத்தா, வியாழன் காலம மட்டும் ஸ்பீக்கரக் கொஞ்சம் கேளுங்க. அதுக்குப் பிறகு தையலோ படிப்போ, ஒங்கட விருப்பம்."

வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாளே ஒழிய, அதிபரிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அது அவளுக்கு ஒரு பொருட்டாகவும் படவில்லை.

புதன் காலை அதிபரின் கந்தோருக்குள் போய் அம்ரா கேட்டதை அப்படியே சொன்னாள்.

"நல்லதெண்டு நினைச்சுத்தானே டீச்சர் நான் வாசிச்ச."

"ஓம் சேர். நானும் நல்லதெண்டு நினைச்சுத்தான் இடாப்பத் தந்த. ரெண்டு பேரும் சேர்ந்துதான் புள்ளைகள வித்துப்போட்டம்."

"சரி. நாளைக்குக் கூட்டத்தில நானும் போனனான் எண்டு சொல்லிவிடுறன். பிரச்சின முடிஞ்சுது."

"பொய் சொன்னா புள்ளைகள் முகத்தில கண்டுபிடிச்சிடும் சேர். வந்து இருந்திட்டுச் சொல்லுங்க."

இருபத்தெட்டு வருடச் சேவையில் யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை.

பாடசாலை கலைந்த பிறகு வந்தார். ஊர் வாய்க்குப் பயந்து கதவைத் திறந்தே வைத்தாள் நிஸா. கேட்கும் தூரத்தில் ஆள் இல்லை. முதல் பத்து நிமிடம் அவர் அறையின் கூரையைப் பற்றிக் கதைத்தார். பிறகு மின்விசிறியைப் பற்றி. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நெற்றியைத் துடைத்தார். மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார்.

என்ன கதைத்தார் என்பது இங்கே வராது. ஒருதடவை பெயரைச் சொல்லிப் பட்டது போதாதா? ஐந்து மணி பஸ்ஸை நிஸா தவறவிட்டாள் என்பதை மட்டும் சொல்லலாம். பிழையைத் திருத்துவதற்காக வரவழைத்த மனிதர், தனக்காகவே ஒருநாள் வந்திருக்க வேண்டியவர் என்று நினைத்தபோது அவளுக்கு மனம் இளகிப்போனது.

வியாழன் காலை ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்க மறந்தே பேசினார் ஸஹாப்தீன் சேர்.

"போன கிழம பதினொரு பெயர் வாசிச்சனான். புள்ளைகளக் கேக்காம வாசிச்சது பிழை. அவங்கட்ட மன்னிப்புக் கேக்கிறன். அந்தப் பட்டியல்ல ஒரு பெயர் விடுபட்டிட்டு. பன்னிரண்டாவது பெயர் ஸஹாப்தீன். நேத்துப் போய் இருந்தனான். என்னத்துக்கு எண்டு ஒருத்தரும் கேக்க வேணாம், சொல்லமாட்டன். இனி அங்க போற ஆர்ட பெயரும் ஆருக்கும் தெரியவராது." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "கிரிக்கெட் டீம் எண்டு சொல்லுறீங்களாம். டீமுக்குப் பன்னிரண்டாவது ஆளும் வேணுமே. தண்ணிப் போத்தல் தூக்க நான் இரிக்கன்."

கடைசி வரிசையில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு முன்வரிசைவரை வந்து கைதட்டலாக மாறியது. கைதட்டுங்கள் என்று அவர் கேட்டிருக்கவே இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குசினியில் கத்தி நின்றிருக்கும் என்று நிஸா நினைத்தாள். அதைப் போய்ப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மாதிரிப் பரீட்சை. மண்டபத்தின் மூன்றாம் வரிசையில் அம்ரா இருந்தாள். உம்மா பாடசாலைக் கேற்றுவரை வந்து விட்டுவிட்டு, நிஸாவைக் கண்டும் காணாததுபோலத் திரும்பிப் போனாள். வினாத்தாள் கொடுத்ததும் அம்ராவின் தோள்கள் ஏறின, மெதுவாக இறங்கின, மறுபடி ஏறி இறங்கின. பிறகு பேனையை எடுத்தாள். தாளின் அடுத்த பக்கத்தை அவள் புரட்டும் வரை நிஸா யன்னலருகே நின்று பார்த்தாள்.

பின்னேரம் அதிபர், ஆலோசனை அறை வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், அம்ரா இங்க வந்தவவா? என்னவாம்?"

"இங்க ஆர் வந்தது எண்டு நான் சொல்லுறல்ல சேர்."

அவருக்கு முகம் கறுத்தது. "நான் அதிபர். எனக்குத் தெரியோணும்."

"ஓம் சேர். ஆசிரியர் அறையிலயும் நாலு நாளாக் கேக்கிறாங்க, சேர் உள்ளுக்க இருந்து என்ன கதைச்சவர் எண்டு."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "நீங்க என்ன சொன்ன?"

"இப்ப ஒங்களுக்குச் சொன்னதத்தான்."

ஸஹாப்தீன் சேர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். நாலடி போனவர் திரும்பி வந்து, நடைபாதையில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டார்.

"டீச்சர், வாற புதன் எனக்கு ஒரு நேரம் இரிக்கா?"

நிஸா புது இடாப்பைத் திறந்தாள். அதில் பெயர்கள் இல்லை, ஆளுக்கொரு கோடு மட்டும்தான். புதன்கிழமைக்கு நேரே இன்னுமொரு கோடு போட்டாள்.