ரத்தம் ஏறாத டிரைவரம்மா

டிப்போவில் டிரைவரம்மா ஓட்டாத பஸ் இல்லை. அப்பேர்ப்பட்டவள் ஒருநாள் சீட்டிலிருந்து இறங்கும்போது தலைசுற்றி, கண்டக்டர் மேலேயே சாய்ந்துவிட்டாள். ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் எட்டு. பன்னிரண்டைத் தொடும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பயணிகள் தொலைத்த பொருட்கள் கிடக்கும் அறையில் அவளை உட்கார வைத்தார்கள். குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் காவல். மூன்று மாதத்தில் ரத்தம் ஏறாவிட்டால் அந்த அறையே நிரந்தரம்.

அவள் வீட்டுக்காரர் டிப்போ வாசலில் கடை வைத்திருக்கும் டீ மாஸ்டர். இதைத் தன் மானப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டார். கீரை, பயறு, பேரீச்சை என்று கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. ஆடு பார்த்தால் பொறாமைப்படும். சாப்பிட்ட கையோடு, செரிக்க வேண்டுமே என்று, கெட்டி டிகாஷனில் ஸ்பெஷல் டீ வேறு. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையும் அந்த டீயோடுதான் உள்ளே போனது. அவருக்குத் தெரிந்து டீ தீர்க்காத நோய் கிடையாது.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எட்டு, எட்டாகவே நின்றது. மாஸ்டர் முதலில் கீரைக்காரியைத் திட்டினார். பிறகு லேபைத் திட்டினார். டிரைவரம்மா நேரத்தை வீணாக்காமல் அவரைத் திட்டினாள்.

இருவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். வேறு கோளாறு எதுவுமில்லை என்று பார்த்துவிட்டு, மாத்திரையை எதோடு போடுகிறாள் என்று டாக்டரம்மா கேட்டாள். மாஸ்டர் பெருமையாகப் பதில் சொன்னார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "சிவப்பணு ஊற இரும்பு வேணும். கீரையில இருக்கிற இரும்பு சும்மாவே உடம்புல ஒட்ட அடம்பிடிக்கும். நீங்க டீய ஊத்தி வழியனுப்பியும் வைக்கிறீங்களே."

சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் பக்கத்தில் டீ வரக் கூடாது, கீரையில் எலுமிச்சை பிழிய வேண்டும், கொய்யா நல்லது என்றாள். அப்படியானால் காபி குடிக்கலாமா என்று டிரைவரம்மா கேட்டாள். அதுவும் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதும், காபியிடமாவது தோற்கவில்லை என்று மாஸ்டர் முகத்தில் உயிர் வந்தது.

மறுநாளிலிருந்து டிரைவரம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எலுமிச்சை ஜூஸ் குடித்தாள். டிப்போ கண்ணை மூடிக்கொண்டா இருக்கும்? கட்டினவளே தொடாத டீயில் என்ன கலக்கிறானோ என்று பேச்சு கிளம்பியது. வியாபாரம் பாதியாகப் படுத்தது. சும்மா ஒரு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டாவது உட்காரும்படி மாஸ்டர் கெஞ்சினார்.

"கையில வந்தா வாய்க்குப் போயிரும்ங்க. உங்க கடை ஓடணுமா, நான் பஸ் ஓட்டணுமா?"

மாஸ்டர் இன்னொரு எலுமிச்சையை நறுக்கினார்.

கெடு முடியும்போது பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. மேனேஜர் சாவியைக் கொடுத்தார். முதல் நடையிலேயே டிரைவரம்மா பஸ்ஸைக் கடை முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தாள். மாஸ்டர் எலுமிச்சை ஜூஸோடு ஓடி வந்தார்.

"அதை வைங்க. சாப்பிட்டு ரொம்ப நேரமாச்சு. ஸ்பெஷலா ஒண்ணு போடுங்க."

டிப்போவே பார்க்க, ஜன்னல் வழியாக வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பெஞ்சிலிருந்த டிரைவர்கள் தங்களுக்கும் ஒன்று சொன்னார்கள். அவள் காலி கிளாஸை நீட்டினாள்.

"சர்க்கரை கம்மி," என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டாள்.