காயாத சுவர்

இலஞ்சி வீட்டில் எல்லாச் சுவரும் காய்ந்துவிட்டது, தெற்கறைச் சுவர் ஒன்றைத் தவிர. அதுவும் முழுச்சுவர் இல்லை. பதினோரு வயசுப் பிள்ளை முதுகைச் சாய்த்து நின்றால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவுதான்.

சுந்தரபாண்டியன் ரிட்டயர்டு எஸ்.ஐ. பேய் பிசாசு என்கிற பருப்பெல்லாம் அவரிடம் வேகாது. பூட்டன் கட்டிய சுண்ணாம்பு வீட்டில் ஓதம் அடிக்கிறதென்று, மகள் இறந்துபோன மறுவருஷமே ஒற்றைக்காலில் நின்று சிமெண்டு பூசியவர் அவர்தான். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் சும்மா கிடக்குமா? மேலே ஏறி, தேக்கு உத்திரத்தின் முனையைத் தின்றுவிட்டது. உத்திரம் ஒரு சாண் இறங்கிய பிறகுதான், பழைய கட்டடங்களைச் சீராக்குகிற என்ஜினீயர் அதீபாவைத் தென்காசியிலிருந்து கூப்பிட்டார்.

அதீபா சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூச வைத்தாள். உத்திரத்துக்கு இரும்பு முட்டுக் கொடுத்தாள். "சார், அந்தச் சுவரு காயாம புது உத்திரத்த ஏத்த முடியாது. ஏத்துனா அதுவும் உளுத்துரும். சாரல் சீசனுக்கு முன்னால ஏத்தலன்னா மச்சு நிக்காது," என்றாள்.

வைகாசி பிறந்துவிட்டது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. தெற்கறை ஈரம் மட்டும் அசையவில்லை.

அவர் மனைவி முப்பிடாதிக்கு அது ஓதமே இல்லை. மகள் வேல்விழி அருவியில் குளித்துவிட்டு, ஈரப் பாவாடையோடு வந்து சாய்ந்து நின்ற இடம் அது. அன்றைக்குப் பிடித்த காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. சுந்தரபாண்டியன் அப்போது அருவிக்கரையில் சீசன் டூட்டி. அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கல்யாணமாகாமல் இறந்த பெண் வீட்டுக்குக் கன்னித் தெய்வம் என்பது அவர்கள் வழக்கம். வருஷாவருஷம் புதுப் பாவாடை சட்டை எடுத்து, அந்த அறையில் ஓலைப்பெட்டிக்குள் வைப்பாள் முப்பிடாதி.

ஒரு மத்தியானம் கண்ணயர்ந்திருந்தவர், தெற்கறையில் ஆள் அரவம் கேட்டு எழுந்து போனார். வாசுதேவநல்லூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த முப்பிடாதி திரும்பி வந்து, செம்பும் கையுமாகச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்த பழைய மிடுக்கு அவருக்கு வந்தது. ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது.

"நீதானாட்டி தண்ணி ஊத்துதது? மச்சு தலையில விழுந்து சாகணுமா நாம?"

அவள் மறைக்கவில்லை. "சுண்ணாம்பு பூசுன பெறகு காய ஆரம்பிச்சிட்டு. ஈரம் போயிட்டுன்னா பிள்ள எங்கன வந்து நிப்பா? அதான் தெனமும் ஊத்துதேன்."

"இப்பவும் ஊத்திருக்க."

"இல்ல. இப்பதான பஸ்ஸ விட்டு இறங்கி வாரேன்."

செம்பில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, ஒரு சொட்டுக் குறையாமல். சுவரிலோ ஈரம் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அருவித் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது. அவள் ஊருக்குப் போன இரண்டு நாளும் காலையும் மாலையும் இந்த ஈரத்தைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"ரெண்டு நாளா வீட்டுல உங்களத் தவிர யாரு இருந்தா?" என்றாள் முப்பிடாதி. "உங்களப் பாக்கத்தான் வந்திருக்கா."

அவர் ஈரக் கையைத் துடைக்காமலே அதீபாவுக்குப் போன் போட்டார். "தெற்கறை உத்திரத்த அந்தச் சுவத்துல ஏத்தாண்டாம் தாயி. தள்ளி ஒரு கல்தூண் நிறுத்தி அதுல ஏத்திரு. சுவரு அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

"காயும் சார். கொஞ்சம் பொறுங்க."

"காயாது. காயவும் வேண்டாம்."

போனை வைத்த பிறகுதான் அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது. சுவர் சீக்கிரம் காயட்டுமென்று, முப்பிடாதி ஊருக்குப் போன அன்றே அவர் எதிரில் வைத்த ஸ்டாண்டு ஃபேன் இன்னும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அதை அணைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"ஈரத் துணியோட நின்ன பிள்ள மேல ரெண்டு நாளா காத்த அடிச்சு விட்டிருக்கேனே முப்பிடாதி," என்றார்.