மெய்யுரைக்கு முன் எழுந்து சென்றவன்

கிழக்கே அடுக்கடுக்காய் எழுந்த மலைகள் முகிலைத் தோளிற் சுமந்து நிற்க, அவற்றின் அடியிலிருந்து படிப்படியாய் இறங்கிவரும் சரிவெங்கும் மிளகுக் கொடிகள் மரந்தோறும் சுற்றிப் படர்ந்து காய்க்குலைகளைக் காட்ட, கராம்பின் கார மணமும் நனைந்த மண்ணின் வாடையும் ஒன்றையொன்று விட்டுக்கொடாமல் காற்றிற் கலந்து நிற்கும் பல்லேபொலவிலே அன்று முழுநிலா நாள். வெள்ளுடை உடுத்த மாந்தர் பூத்தட்டு ஏந்தி விகாரைக்குச் சென்றுவிட, வீதி வெறிச்சோடிக் கிடந்த பிற்பகல். மண் கொத்துவோர்க்கும் கொடி நடுவோர்க்கும் மாதத்தில் அந்த ஒருநாள் உறுதியாய் ஓய்வுநாள். அவ்வோய்வை உறங்கிக் கழிக்காமல், பத்துப் பன்னிருவர் மட்டும் முதுகு வலியைக் கையால் நீவியவாறே லாபிர் என்னும் மிளகு வாணிகரின் உலர்த்துங் கொட்டகையை நோக்கி நடந்தனர். ஏனெனில் அங்கேதான், படிப்போரே, வினவு மன்றம் கூடும்.

மன்றத்தைக் கூட்டியவர் நோபர்ட். ஐம்பத்தைந்து அகவை. பிறர் தோட்டத்தில் மிளகுக்கொடி கட்டிக் கூலி பெறுபவர். நாற்பதைக் கடந்த பின்னர் எழுத்துக் கூட்டப் பழகி, படித்த முதல் ஆண்டிலேயே, எழுதப்பட்டவை எல்லாம் உண்மையல்ல என்று கண்டு திடுக்கிட்டவர். அத்திடுக்கீடே மன்றமாயிற்று. நன்மை யாது, உரிமை யாது, சாவுக்குப் பின் யாது என்று, வேலை முடிந்து திரும்பும் வழியில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டவற்றைப் பிறரோடும் கேட்கலாமே என்று அவர் தொடங்கிய அவ்வவை ஒன்பது ஆண்டுகளாய்க் குலையாமல் நின்றது.

"ஒன்பது வருசமா பேசுறீங்க. பேசுனதுக்குக் கூலி போட்டிருந்தா நம்ம கூரைத் தகரத்தையாவது மாத்திருக்கலாம்" என்பாள் அவர் மனைவி லூசியா. அப்படிச் சொல்லிக்கொண்டே தேநீர்க் கேத்தலைத் தூக்கிக்கொண்டு அவர்க்கு முன்னே நடப்பாள். வாதத்தில் அவளை வென்றவரும் அங்கே எவரும் இலர்.

மன்றத்துக்கு மூன்று கட்டுப்பாடுகள் இருந்தன. வினாவைக் கேட்பவர் "ஒருவன்" என்றே கேட்கவேண்டும். அந்த ஒருவன் யாரென எவரும் உசாவலாகாது. வாதிடுவோர் தத்தம் விருப்பப்படி பக்கம் தேரலாகாது. கண்ணை மூடிப் பேணி எனும் தகரக் குவளைக்குள் கைவிட்டு, கரு மிளகு வந்தால் ஆம் என்றும், தோல் நீக்கிய வெள்ளை மிளகு வந்தால் இல்லையென்றும், தம் முழு வலிமையோடும் பேசவேண்டும். வாதம் முடிந்த பின்னர், ஒவ்வொருவராய் எழுந்து, தாம் உண்மையில் நம்புவதை ஓரிரு சொல்லிற் சொல்லி அமரவேண்டும். அதற்கு மெய்யுரை என்று பெயர். பகைமை வளராமல் இருப்பதற்கும், எளியவன் தன் இடரை நாணாமல் முன்வைப்பதற்கும் நோபர்ட் இரவு பகல் எண்ணி வகுத்த இக்கட்டுப்பாடுகள், அந்நாள்வரை எவர்க்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை.

அன்றைய வினாவை லாபிர் ஒரு தாளிலிருந்து படித்தார். யாரோ அவரிடம் எழுதிக் கொடுத்தது. "ஒருவனின் உடன்பிறந்தான் சிறுநீரகம் இரண்டும் கெட்டுக் கிடக்கிறான். ஒருவனின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்துகிறது. கொடுக்க மறுத்தால் அந்த ஒருவன் குற்றவாளியா?" நோபர்ட் பேணிக்குள் கைவிட்டார். வெள்ளை மிளகு வந்தது. குற்றவாளியல்லன் என்று அவர் நிறுவவேண்டும்.

அவர் எழுந்து தொண்டையைச் செருமிய வேளையில், கொட்டகையின் பின்புறத்தில் புதியவன் ஒருவன் வந்து நின்றான். முழங்கால்வரை செம்புழுதி, தோளில் ஒரு பை. லக்கலையிலிருந்து இருமுறை பேருந்து மாறி வந்தமையால் பிந்திப்போனவன். பேணியையும் அவன் கண்டிலன், மிளகையும் கண்டிலன். கண்டதெல்லாம், நரைத்த தலையும் காய்த்த கையுமாய் ஒரு கூலியாள் நிமிர்ந்து நின்று பேசத் தொடங்கியதைத்தான்.

அந்தோ, நோபர்ட் தம் வாழ்நாளில் அவ்வாறு பேசியதேயில்லை. "நம்மளுக்குன்னு என்ன இருக்கு?" என்று கேட்டார். "நிலம் தோட்டத்தானோடது. குடியிருக்கிற லயம் அவனோடது. தோளை காலையில எட்டு மணிக்கு வாங்கி அந்தியில திருப்பித் தாறான், அதுவும் தேஞ்சுபோய். கண்ணு புகையில போச்சு, முதுகு மூட்டையில போச்சு. மிச்சம் இருக்கிறது தோலுக்கு உள்ள இருக்கிறது மட்டுந்தான். அதுக்கும் ஒருத்தன் வந்து, நீ தரக் கடமைப்பட்டவன்னு சொன்னா, நமக்கும் கறவை மாட்டுக்கும் என்ன வித்தியாசம்? குடுக்கிறவன் பெரியவன்தான். ஆனா குடுக்காதவன் குத்தவாளின்னா, குடுக்கிறது தருமம் இல்ல, வரி." மழை பெய்து ஓய்ந்த மலைச்சரிவில் ஒன்றன்பின் ஒன்றாய் ஓடைகள் திறப்பதுபோல் சொற்கள் திறந்தன, கேட்டோர் தேநீர் ஆறுவதை மறந்தனர், எதிர்ப்பக்கம் பேச இருந்தவரோ இரண்டு சொல்லோடு அமர்ந்துவிட்டார். கைதட்டு எழுந்தது. அவ்வொலி, கூலி வாழ்வில் ஒருநாளும் கைதட்டுப் பெறாத அம்மனிதரின் செவியில் கள்ளைப்போல் இறங்கிற்று.

புதியவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான். லக்கலைக்குப் போகும் கடைசி இணைப்புப் பேருந்தைத் தவறவிட்டால் வழியில் தங்க இடமில்லை. யானை இறங்கும் பாதை. அவன் போவதை நோபர்ட் கண்டார். மெய்யுரைக்கு இருந்துவிட்டுப் போ என்று கூப்பிட வாயெடுத்தவர், யாரோ தோளைத் தட்டிப் பாராட்டத் திரும்பிச் சிரித்தார். பின்னர் மெய்யுரை வந்தது. அவர் முறை வந்தபோது, அரைமணி நேரம் பேசிய வாயால் அவர் சொன்னது ஒரே ஒரு வரி: "நான்னா குடுத்துருவேன்."

அதைக் கேட்கவேண்டியவன் அப்போது பேருந்தின் படியில் தொங்கிக்கொண்டிருந்தான்.

இருபது நாள் கழிந்து, மிளகு மூட்டைகளுக்கு நடுவே லாபிர் நோபர்ட்டைக் கைகாட்டி அழைத்தார். அவர் முகம் கறுத்திருந்தது.

"நோபட், கட்டுப்பாட்டை நான் ஒடைக்கப் போறன். அந்தச் சீட்டுத் தந்தது றினோஸ். லக்கலைல கடை வெச்சிருக்கிற அன்ஸாப்ட தம்பி. மிளகு கொண்டாற நேரம் தந்தது."

"யாரா இருந்தா என்ன, லாபிர் நானா?" என்று, லாபிரின் மக்கள் அண்ணனை அழைக்கும் சொல்லாலேயே கேட்டார் நோபர்ட்.

"அன்ஸாப் சாகக் கிடக்கிறார். வேற யாருடையதும் பொருந்தல்ல. வெட்டுறதுக்கு ஆசுபத்திரில நாளும் குறிச்சாச்சு. முந்தாநாள் இவன் போய் ஏலாதுண்டு சொல்லிட்டு வந்திருக்கான். ஏண்டு கேட்டா, பல்லேபொலவுல ஒரு அண்ணன் வெளங்கப்படுத்தினார், இப்பதான் என்ட மனசு லேசாச்சிண்டு சொல்றான்."

நோபர்ட் மூட்டையின்மேல் அமர்ந்தார். மிளகுத்தூள் எழுந்து கண்ணைச் சுட்டது. துடைத்துக்கொள்ளவும் அவர்க்குத் தோன்றவில்லை.

மறுநாட்கூலியை விட்டுவிட்டு, விடியலில் புறப்பட்டு, ஒன்று பழுதாகி மற்றொன்று பிந்தி வந்த பேருந்துகளில் குலுங்கி, உச்சி வெயிலில் அவர் லக்கலையில் இறங்கினார். வயல்கள் அறுத்துக் கிடந்தன, யானை முறித்த வாழைகள் வழியோரம் அழுகின, கடை பூட்டியிருந்தது. அன்ஸாபும் மனைவி றாபியாவும் குருதியைத் தூய்மை செய்யும் பொறிக்காக நகரத்துக்குச் சென்றிருந்தனர். கிழமைக்கு மூன்று முறை அவ்வாறு செல்லவேண்டும். கடைக்குப் பின்னால் வேலியை இறுக்கிக்கொண்டிருந்தான் றினோஸ். வந்தவரை அறிந்துகொண்டதும் அவன் முகம் மலர்ந்தது. அம்மலர்ச்சியே நோபர்ட்டின் நெஞ்சில் முதற்குத்தாய் விழுந்தது.

"வாங்கண்ணே, வாங்க. ஒங்களப் பத்தித்தான் வீட்ல பேசின. தேத்தண்ணி ஊத்தச் சொல்றன்."

"தேத்தண்ணி வேணாம் தம்பி. நான் அன்னைக்குச் சொன்னது நான் நம்புறது இல்ல. பேணிக்குள்ள கையை விட்டேன், வெள்ள மிளகு வந்துச்சு. அதனால அந்தப் பக்கம் பேசுனேன். எங்க மன்றத்து வழக்கம் அப்பிடி."

றினோஸ் வேலியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "வெள்ளாட்டா?"

"வெளையாட்டு இல்ல. எல்லாப் பக்கத்தையும் பாக்கிறதுக்கு ஒரு வழி. கடைசியில எல்லாரும் உண்மையைச் சொல்லுவோம். நீங்க அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க கடைசில?"

"நான்னா குடுத்துருவேன்னு சொன்னேன்."

"ஏன்?"

"ஏன்னா... அண்ணன் தம்பி" என்றார் நோபர்ட். "ஏன்னு தெரியல தம்பி. குடுக்கணும். அவ்வளவுதான்."

"குடுக்கத் தேவல்லண்டு அரை மணித்தியாலம் காரணம் சொன்னீங்க, ஒண்டுக்கொண்டு ஒடைக்க ஏலாத காரணம். குடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லையா?" அவன் குரலில் சினம் இல்லை, கெஞ்சுதல் இருந்தது. "எனக்கு ரெண்டு புள்ள. மூட்டை தூக்கித்தான் சாப்பாடு. பயம் அண்ணே, கத்தியை நெனைச்சா. பயந்தாங்கொள்ளிண்டு என்னையே நான் ஏசிக்கொண்டு திரிஞ்சன். நீங்க அன்னைக்கு அந்தப் பயத்துக்கு ஒரு சட்டை தைச்சுப் போட்டீங்க. இப்ப வந்து கழட்டுங்கிறீங்க. மாத்திப் போட ஒண்டும் கொண்டாரல்ல."

"அப்ப என்னோடத எடுத்துக்கச் சொல்லுங்க. நான் வாறேன் ஆசுபத்திரிக்கு."

றினோஸ் சிரித்தான், அழுகைக்கு அண்டையில் இருக்கும் சிரிப்பு அது. "ஒங்களுக்கு சீனி வருத்தம், அதான் நீரிழிவு, இருக்கிண்டு லாபிர் நானா சொன்னார். ஒங்கடத யாரண்ணே எடுப்பாங்க?"

நோபர்ட் அவ்விளைஞனின் காலில் விழக் குனிந்தார். அவன் பதறி விலகி வீட்டுக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டான். வெயில் சாயும்வரை அவர் வேலியருகே நின்றார். கதவு திறக்கவில்லை.

அதன்பின் நோபர்ட் மும்முறை லக்கலைக்குச் சென்றார். மும்முறையும் றினோஸ் எதிர்ப்படவில்லை. மடல் எழுதினார், எழுதுந்தோறும் கொடுக்கவேண்டியதற்கான காரணங்கள் கூடிவந்தன, கூடக்கூட அவை வெறுஞ்சொல்லாய் வற்றின. அடுத்த முழுநிலா நாளில் கொட்டகையை அவர் திறக்கவில்லை. வந்தவர்கள் வாயிலிலிருந்து திரும்பினர்.

"ஒங்க பேச்சுக்குக் கூலி இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றாள் லூசியா, கேத்தலைக் கீழே வைத்து. "கூலி வந்திருச்சு." சொன்ன மறுகணமே அவர் அருகே அமர்ந்து, அவர் கையைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நான்காம் மாதத்தில் அன்ஸாப் இறந்தார். செய்தி வந்த காலையிலேயே லாபிரோடு நோபர்ட்டும் புறப்பட்டார். பள்ளிவாசலின் முற்றத்தில் உடல் கிடத்தி வெண்துணி போர்த்த சந்தூக்குப் பெட்டி வைக்கப்பட்டிருக்க, ஆடவர் வரிசை வரிசையாய் நின்றனர். வேற்றுச் சமயத்தவரான நோபர்ட் மதிலோரமாய் ஒதுங்கி நின்றார். முதல் வரிசையில் றினோஸ். முகம் மழித்து நாளாகியிருந்தது. கண்கள் எதையும் பற்றாமல் இருந்தன.

தொழுகைக்கு முன்னர், இறந்தவரின் நெருங்கிய உறவினன் திரும்பி நின்று, அவர் எவர்க்கேனும் கடன்பட்டிருந்தால் தன்னிடம் வந்து பெற்றுக்கொள்ளுமாறு அறிவிப்பது அம்மக்களின் வழக்கம். றினோஸ் திரும்பி நின்றான். தொடங்கியவன் பாதியில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அப்போது லாபிர் முன்வந்து அவன் தோளில் கைவைத்து, அவனுக்காகப் பேசினார்.

"மௌத்தான அன்ஸாப் யாருக்காவது ஏதும் குடுக்க இருந்தா, இந்தத் தம்பிக்கிட்ட வாங்க. அவர் பொறுப்பெடுப்பார்." சிறிது நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தார். "இன்னொண்டு. போன கிழமை அவர் றாபியாகிட்டச் சொல்லி எழுதிவெச்சது. இதையும் இந்த எடத்திலயே சொல்லச் சொன்னார். தனக்கு வரவேண்டியது ஒண்டும் யார்கிட்டயும் இல்லையாம். யாராவது தனக்குக் கடன்பட்டவர்ண்டு நெனைச்சுக்கொண்டு இருந்தா, நெனைக்க வேணாமாம். எல்லாத்தையும் தான் மனசார விட்டுட்டாராம்."

கடைக்குக் கடன்பட்ட உழவர் பலர் அங்கே நின்றனர். அரிசிக்கும் எண்ணெய்க்கும் தாம் தரவேண்டியதை அவர் தள்ளிவிட்டார் என்று எண்ணி, அவர் நெஞ்சகலத்தை வியந்து தலையசைத்தனர். அத்தாள் யாரை நோக்கி எழுதப்பட்டது என்பதை அறிந்தவர் அங்கே லாபிரையன்றி இருவரே, றினோஸும் நோபர்ட்டும். றினோஸ் இரு கைகளாலும் தன் விலாவை, வலப்பக்கத்தை ஒரு கையாலும் இடப்பக்கத்தை மறுகையாலும், இறுகப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றான். யாரோ அவனை மெல்லத் திருப்பி வரிசையில் சேர்த்தனர். தொழுகை தொடங்கிற்று.

மதிலோரத்தில் நின்ற நோபர்ட்டோ, கடனைத் தள்ளிவிட்ட அத்தீர்ப்புக்கு எதிராக ஒரு வாதமேனும் எழாதா என்று தம் உள்ளத்தைத் துழாவினார், ஒன்றும் எழவில்லை. வினாவை எழுப்புதல் எளிது; இருபுறமும் நின்று அழகுறப் பேசுதலும் பழகினால் வரும்; ஆயின் கேட்டுச் சென்றவன் எந்தச் சொல்லைத் தன்னோடு எடுத்துச் சென்றான் என்று பின்தொடர்ந்து பார்ப்பார் உலகில் அரியர். அன்று அவ்வூரில் அன்ஸாபுக்கு உரிய கடன்கள் யாவும் தள்ளுபடியாயின. கொடுப்பதற்கு உரியது உடலுக்குள் அப்படியே இருக்க, அதைப் பெறுவதற்கு உரியவரை ஆறடி மண்ணுக்குள் இறக்கிவிட்டு, மாந்தர் கைகழுவிக் கலைந்தனர்.