எதிராளியின் வாதம்

அந்தப் பறவை ஆய்வுத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் வாதத்தை முதலில் நாமே எடுத்துச் சொல்ல வேண்டும்; அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுக்கலாம். இன்று அவளுக்கு எதிராளி அவளுடைய அண்ணி. புதிய ஆய்வுக்குழுவின் தலைமை இருவரில் ஒருவருக்குத்தான்.

“வண்டிச் சத்தத்த மீறிக் கேக்கணும்னுதான் நகரத்துக் குருவிங்க குரல கீச்சுன்னு உசத்துதுன்னு இவங்க சொல்றாங்க. நகரத்தையும் புறநகரையும் ஒப்பிட்டு வந்த முடிவு” என்று அவள் முடித்துக்கொண்டாள்.

பழுதுபார்க்கச் சாலையை மூடியபோது அதே குருவிகளின் குரல் இறங்கியது. அது அண்ணியின் கட்டுரையில் கடைசியில் இருந்தது. யாரும் அதுவரை படித்திருக்க மாட்டார்கள். அவள் படித்திருந்தாள். அதைச் சொல்லாமல் விட்டதற்கு, நேரம் போதவில்லை என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

“நான் சொன்னதுல இதுவும் உண்டு. மேல போகட்டும்” என்றாள் அண்ணி.

காரணம் சத்தமல்ல, தீனி என்று அவள் வெளுத்து வாங்கினாள். நகரத்துத் தீனியில் குருவிகள் சிறுத்துப்போகின்றன. சிறிய உடம்புக்குக் கீச்சுக்குரல். கை தட்டினார்கள்.

அண்ணியின் முறை. அவளுடைய வாதத்தை அவளைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டு, “இவங்ககிட்ட இல்லாத ஆதாரம் ஒண்ணு என்கிட்ட இருக்கு. நகரத்துல செத்துக்கிடந்த குருவிங்கள அளந்தேன். எல்லாமே சின்னது. இன்னும் வெளியிடல. இவங்க பக்கம்தான் பலம் சேக்குது” என்றாள்.

அவளுக்குக் காது சூடேறியது. இப்படித் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்ள எவ்வளவு நிம்மதியான மனசு வேண்டும். பொறாமைகூடப் படமுடியவில்லை.

“சரியாச் சொன்னாங்களா?” என்றார் தலைமை தாங்கியவர்.

“என்னைவிட நல்லாச் சொன்னாங்க. நான்தான் இவங்க வாதத்தச் சரியாச் சொல்லல. திரும்பச் சொல்லட்டுமா?”

“டீ ஆறுதும்மா.”

“சொல்லட்டும் சார். வீட்டுல நான் பேசுறத இவ முழுசாக் கேட்டதே இல்ல” என்றாள் அண்ணி. சிரித்தார்கள்.

பதவி கையைவிட்டுப் போவது தெரிந்தே அவள் ஆரம்பித்தாள். “சாலைய மூடினப்போ அதே குருவிங்களோட குரல் இறங்கிச்சு. உடம்பு அதுக்குள்ள பெருத்திருக்க முடியாது. அதனால...”

“இரு, அவசரப்படாத” என்று அண்ணி குறுக்கிட்டாள். “அப்போ நல்ல மழை. குரல் இறங்க அதுவும் காரணமா இருக்கலாம். அதையும் சேத்துச் சொல்லு.”