சரக்கு வேனின் பின்கதவு

சரக்கு வேனுக்குள் ஏறிப் பின்கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டான் எலக்ட்ரீஷியன். வேறு வழி? கதவைச் சாத்தினாலும் உள்விளக்கு அணைய மாட்டேன் என்கிறது, பேட்டரி இறங்கிவிடுகிறது என்று வண்டிக்காரர் புலம்பியிருந்தார். ஜன்னலே இல்லாத வண்டி. அணைகிறதா என்று பார்க்க உள்ளேதான் உட்கார வேண்டும்.

விளக்கு அணையவில்லை. கதவு ஸ்விட்சுக்குப் போகும் வயரின் தோல் தேய்ந்து தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவுதானா என்று சிரித்தபடி கதவைத் தள்ளினான். அசையவில்லை.

இந்தக் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே கைப்பிடி கிடையாது. எப்போதும் பூட்டின் வாயில் ஸ்குரூடிரைவரைச் செருகிவிட்டுத்தான் சாத்துவான். இன்று மனசு பஸ் டிப்போவில் இருந்தது. பதினோரு மணிக்கு அங்கே வேலைத் தேர்வு. இதை விட்டால் வயது தாண்டிவிடும். ஒன்பது வருஷமாக மச்சானின் பட்டறையில், மச்சானின் மாடிவீட்டில், மச்சானின் வாய்க்குப் பயந்து கிடந்தவனுக்கு அதுதான் கடைசி வாசல்.

தகரத்தை ஓங்கித் தட்டினான். "மச்சான்! கதவு பூட்டிக்கிச்சு, தெறங்க!"

"சாவியக் காணோம் மாப்ள. இரு, தேடுறேன்" என்றது வெளியே குரல்.

தேடுகிறவனின் செருப்புச் சத்தம் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. ரேடியோதான் சத்தமாகியது. கடிகாரத்தில் பத்து இருபது. தொண்டை கிழியக் கத்தினான். தெரிந்தே செய்கிறார் என்று புரிந்தது. அடப்பாவி மனுஷா! சொந்தத் தங்கச்சி புருஷனையா?

அழுகை முட்டியது. ஆனால் கை சும்மா இருக்குமா? விளக்குக்கு எப்போதும் கரண்ட் வருகிறது. பூட்டுக்குள் குட்டி மோட்டார் இருக்கிறது. அப்புறம் என்ன! கதவின் உள்தகட்டைக் கழற்றி மோட்டார் வயர்களை வெளியே இழுத்துவிட்டு, விளக்கின் கரண்ட் வயரைப் பிடுங்கினான். கும்மிருட்டு. பையிலிருந்த வயர்த்துண்டை ஒட்டுப்போட்டுத் தடவித் தடவி மோட்டார் வயர் ஒன்றில் கரண்டை வைத்தான், மற்றதைத் தகரத்தில் வைத்தான். டக். கதவு இன்னும் இறுகிக்கொண்டது. மோட்டாரின் இரண்டு வயர்களையும் மாற்றிப் பிடித்தான். டக்!

தள்ளியதும் கதவு திறந்தது. ஓர் அடி தள்ளி மச்சான் நின்றார், சாவியைக் கைக்குள் இறுக்கியபடி.

"இப்பத்தான் கெடச்சுது மாப்ள" என்றார். சொல்லும்போதே முகம் தொங்கிப்போயிற்று. "வேலை கெடச்சா டிப்போவுலயே வீடு குடுப்பாங்களாமே. தங்கச்சியும் உன்கூட வந்துருவா. நான் ஒத்தையா யாரு முகத்துலடா முழிப்பேன்?"

ஐம்பது வயது ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எலக்ட்ரீஷியனுக்குக் கோபம் போகவில்லை, ஆனால் பாவமாகவும் இருந்தது. மணி பத்து நாற்பது. ஓடினால் டிப்போவுக்குப் பதினைந்து நிமிஷம்.

"கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு இதைச் சொல்லியிருந்தாக்கூட நான் போகாம நின்னிருப்பேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் ஓடினான்.