இலைக்கோழியின் ஆறு கால்கள்

அயனம்பாக்கம் ஏரியில் பறவைக் கணக்கெடுப்புக்கு அகல்யா போனது அதுதான் முதல் தடவை. தேனியிலிருந்து வேலைக்கு வந்து, ஏரிக்கு எதிரே உள்ள அடுக்குமாடியில் மூன்று வருஷமாக இருக்கிறாள். பால்கனியிலிருந்து கரும்புள்ளிகளாகத் தெரிபவை என்ன பறவைகள் என்று ஒருநாளாவது கிட்டே போய்ப் பார்க்க ஆசை. பெயர் கொடுத்துவிட்டாள்.

குழுவை நடத்தும் ராதிகா, அவளை ஜுல்ஃபிகரோடு வடகரைக்கு அனுப்பினார். பூந்தமல்லியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜுல்ஃபிகர், மாதம் தவறாமல் கணக்கெடுக்க வருபவர்.

"நான் எண்ணி சொல்றேன், நீ எழுதிக்கம்மா. எட்டு மணிக்குள்ள முடிக்கணும்" என்றார்.

நாமக்கோழி நாற்பத்திரண்டு. முக்குளிப்பான் ஒன்பது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவள், சட்டென்று நின்றாள்.

"அண்ணா, அந்த இலை மேல நிக்கிற பறவைக்கு ஆறு காலு."

ஜுல்ஃபிகர் சிரித்தார். "தூக்கம் தெளியலியா? அது இலைக்கோழி. வெரலுதான் நீளம், காலு ரெண்டுதான். ஒண்ணுன்னு எழுது."

அவள் எழுதவில்லை. "நீங்களே பாருங்க."

அவர் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இன்னாம்மா இது..."

பறவையின் இறக்கைக்குக் கீழே மெல்லிய குச்சிகள் போல நான்கு தொங்கின.

"தூண்டில் நரம்பு சுத்திக்கினு கீது போல. பாவம், நான் இறங்கி எடுத்து வுடறேன்" என்று பேன்ட்டை மடித்தார்.

"பொறுங்கண்ணா, அது நொண்டவே இல்ல. நரம்பு சுத்தியிருந்தா இப்படி நடக்குமா?"

அவர் யோசித்தார். மேலே ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. இருவரும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எட்டு மணி ஆனது. ராதிகாவிடமிருந்து போன் வந்தது. ஜுல்ஃபிகர் அதை எடுக்கவில்லை.

பருந்து பக்கத்து ஊரான அயப்பாக்கத்தை நோக்கிப் போய் மறைந்தது. பறவை மெதுவாகக் குனிந்து இறக்கைகளைத் தூக்கியது. பொத்தென்று இரண்டு குஞ்சுகள் இலைமேல் விழுந்தன. மறுபக்கத்திலிருந்து இன்னும் இரண்டு. நான்கும் உடனே தனித்தனி இலைக்கு ஓடின.

"நாம பாத்தது ஒரு பக்கத்துக் காலுதான்!" அகல்யா துள்ளி எழுந்தாள். "மொத்தம் பத்து காலு!"

"நாலு வருஷமா வரேம்மா," என்றார் ஜுல்ஃபிகர், குரல் இறங்கி. "எத்தினி வாட்டி ஒண்ணுன்னு எழுதிட்டு போயிருப்பேனோ."

இருவரும் குழுவிடம் திரும்பியதும், நேரமானதற்குத் திட்ட வந்த ராதிகா, விஷயத்தைக் கேட்டதும் கோபத்தை மறந்தார். "குஞ்சுங்கள குறிப்புல தனியா எழுதுங்க. அப்புறம், நீங்க பாத்தது அப்பா. அம்மா முட்டை போட்டுட்டுப் போயிடும். அடைகாக்குறது, ஆபத்து வந்தா அணைச்சுத் தூக்கிட்டு ஓடறது எல்லாம் அப்பாதான்."

ஜுல்ஃபிகர் உடனே மனைவிக்குப் போன் போட்டார். "நசீம், கேளு, இங்க ஒரு பறவைல அப்பன்தான் புள்ளைங்கள தூக்கினு திரியிறான்!"

"அப்போ நீயும் ஊட்டுக்கு வந்து தூக்கு. பாப்பா மர்வா ஒரு மணி நேரமா அழுவுறா" என்ற பதில் எல்லோருக்கும் கேட்டது.

சிரித்துக்கொண்டே அவர் வண்டிச் சாவியை எடுத்தார். மற்றவர்களுக்குக் குஞ்சுகளைக் காட்ட, ராதிகாவை முந்திக்கொண்டு அகல்யா வடகரைக்கு நடந்தாள்.