மானேஜர் சொன்ன 'புட் அப் வித்'

ராஜபாளையத்து மில் ஒன்றின் மானேஜர் சுயம்புலிங்கம் பிறந்தது பக்கத்துத் தேவதானத்தில். ஆனாலும், மில்லைப் பார்வையிட வெள்ளைக்காரத் துரை வந்த அன்று அவருக்குத் தமிழ் அடியோடு மறந்துபோயிற்று. வேலையாட்களிடம் இங்கிலீஷில்தான் பேசுவாராம். அதைத் தமிழில் சொல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நேசையன் வாத்தியாரை வரவழைத்திருந்தார். ஜெபக்கூட்டங்களில் வெள்ளைக்காரப் பிரசங்கியார் பக்கத்தில் நின்று, வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் முழங்குகிறவர் நேசையன். அவர் கை உயர்ந்தால் இவர் கையும் உயரும்.

நேசையன் கோபத்தோடுதான் மேடையேறினார். அவர் தங்கை ஜெயபாய்க்கு அந்த மில்லில்தான் நூல் சுற்றும் வேலை. வேலையாட்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிந்தது. நாலைந்து பெண்கள் வாந்திபேதியில் கிடந்தார்கள். நல்ல தண்ணீர் கேட்டதற்குக் கிடைத்தது இந்தப் பிரசங்கம்.

"வி மஸ்ட் புட் அப் வித் டிஃபிகல்ட்டீஸ்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் மானேஜர்.

நேசையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிற சொல். மாமியாரின் குத்தலை மருமகள் 'புட் அப் வித்' செய்வாள். ஒழுகும் கூரையைக் குடியிருப்பவன் செய்வான். குத்துகிற மாமியாரே வந்து அதை உபதேசிப்பதை எந்தப் பாடத்திலும் அவர் பார்த்ததில்லை. அதிலும் 'நாம்' வேறு!

"கஷ்டங்களை நாம் சகித்துக்கொள்ள வேண்டும்" என்றார், பல்லைக் கடித்தபடி.

ஜெயபாய் எழுந்தாள். "ஏண்ணே, நாமன்னா யாரு? அவிய எந்தத் தொட்டியில குடிக்காவ? கேட்டுச் சொல்லு!"

"அவிய வீட்டு நாய்கூட இத மோந்து பாக்காது!" என்றாள் பக்கத்தில் இருந்த வெள்ளத்தாய். கூட்டம் சிரித்தது.

என்ன சொல்கிறார்கள் என்று துரை இங்கிலீஷில் கேட்டார்.

மானேஜருக்குத் தமிழ் ஓடி வந்தது. "ஓய் வாத்தியாரே, அதச் சொல்லாதேரும்! நன்றி சொல்லுதாங்கன்னு சொல்லும்!"

காதில் விழுந்ததை விழுங்கி நேசையனுக்குப் பழக்கமில்லை. துரையிடம் நாயையும் சேர்த்துச் சொன்னார். மானேஜர் கடைசியாகச் சொன்னதையும் விடவில்லை. துரை கடிகாரத்தைப் பார்த்து, இதெல்லாம் நிர்வாகத்தின் விஷயம் என்று எழுந்து காருக்கு நடந்தார்.

அதற்குள் ஜெயபாய் ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து மானேஜரிடம் நீட்டினாள். "குடிங்க. பொறவு நாங்க சகிச்சுக்கிடுதோம்."

மானேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்படின்னா, நல்ல தண்ணி வந்த பொறவு ஆளனுப்புங்க, வேலைக்கு வாறோம்" என்று டம்ளரை மேடைமேல் வைத்துவிட்டு அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். நேசையன் மேடையில் தனக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அவர்களோடு இறங்கிப் போனார்.